மகமைக் கணக்கு

செட்டிநாட்டில் இருக்கிற எங்கள் ஊருக்குக் காரில் வந்து இறங்குகிறவர்கள் என் கடை வாசலில் நின்று முதலில் கேட்பது, "பழைய சாமான் விக்கிற கடை எங்கங்க இருக்கு?" என்பதுதான். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு வழி சொல்லிவிட்டு, "இங்கே புதுச் சாமான் விக்கிற கடை நெறைய இருக்குங்க, ஒரு நடை பாத்துட்டுப் போங்க" என்பேன். சிலர் தலையாட்டிவிட்டுக் காரில் ஏறிவிடுவார்கள். சிலர் நின்று பார்ப்பார்கள். அப்படி நிற்கிறவர்கள் கூட வேண்டும் என்றுதான் சில வருடங்களாக நாங்கள் கொஞ்சம் பேர் இந்தக் கடைத்தெருவுக்காக மெனக்கெட்டுக்கொண்டிருக்கிறோம். அரசு திட்டமா, எந்த நிறுவனம் பணம் தருகிறது என்று கேட்கிறவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லி முடியவில்லை. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

தெரு ஊருணிக்கரையில் தொடங்கி சிவன் கோவில் தேர்முட்டியில் முடிகிறது. இரண்டு பக்கமும் சேர்த்து எழுபது கடைக்கு மேல் இருக்கும். பாதிக்கு மேல் நாட்டு ஓடு வேய்ந்த பழைய கட்டடங்கள்: முன்னால் திண்ணை, திண்ணையில் மரத்தூண், உள்ளே நீளமாக ஓடும் ஒற்றை அறை, அதன் பின்னால் கிட்டங்கி என்கிற சரக்கறை. கதவு என்று தனியாகக் கிடையாது. பலகைகளை ஒவ்வொன்றாகக் காடியில் சொருகி, குறுக்கே இரும்புப் பட்டை போட்டுப் பூட்ட வேண்டும். எந்தப் பலகைக்குப் பின் எது என்று தெரிய ஒவ்வொன்றின் தலையிலும் ௧, ௨, ௩ என்று தமிழ் எண் செதுக்கியிருக்கும். என் கடைப் பலகைகளிலும் உண்டு.

என்னுடையது நோட்டுக்கடை. தாத்தா ஆரம்பித்தது. பேரேடு, குறிப்பு, ஐந்தொகை எழுதும் நீளத்தாள் எல்லாம் ஒரு காலத்தில் இங்கிருந்து கட்டுக்கட்டாக ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் போனதாக அப்பா சொல்வார். இப்போது பள்ளிக்கூட நோட்டும் ஜெராக்ஸும்தான் கடையை ஓட்டுகின்றன. ஆனாலும் ஆயுதபூஜைக்குச் சிவப்புத் துணி அட்டை போட்ட பேரேடு வாங்க வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இந்த வறண்ட சீமையில் இவ்வளவு பெரிய கடைத்தெரு எப்படி வந்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கல்யாணம்தான் காரணம். நகரத்தார் வீட்டுக் கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கிற சாமானைப் பரப்பி வைப்பார்கள். பித்தளை, வெண்கலம், மங்கு, எனாமல், கொட்டான், தடுக்கு, பாய், விளக்கு, அரிவாள்மனை வரைக்கும் அதில் இருக்கும். ஒரு வீட்டுக் கல்யாணம் என்றால் தெருவில் பத்துக் கடைக்கு வேலை. வீடு கட்டுகிறவர்கள் ஆணியும் கீலும் வண்ணமும் வாங்கினார்கள். கடைக்காரர்களில் பல சமூகத்தாரும் இருந்தார்கள். பாத்திரக்கடை பாய் குடும்பம் நான்கு தலைமுறையாக அதே இடத்தில் இருக்கிறது.

பணம் கடலுக்கு அப்பாலிருந்து வந்தது, அங்கே நின்றதும் இங்கேயும் நின்றது. 1930களின் பொருளாதார மந்தத்தில் கடனைத் திருப்ப முடியாத பர்மா விவசாயிகளின் நிலம், கடன் கொடுத்த நகரத்தார் செட்டியார்கள் கைக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பத்தாண்டின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி நிலம் அவர்கள் பெயரில் இருந்தது. 1942இல் ஜப்பான் படை வந்தது. 1948இல் பர்மா அரசு நிலத்தை நாட்டுடைமையாக்கியது. 1960களில் மிச்சமிருந்த கடைகளும் போயின. அதற்குப் பிறகு இங்கே புது வீடு எழும்பவில்லை. பிள்ளைகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். பெரிய வீடுகள் பூட்டப்பட்டன. வாடிக்கைக்காரர் போனபின் கடைத்தெரு மட்டும் எங்கே போகும்? புது பஸ் ஸ்டாண்டு ஊருக்கு வெளியே வந்ததும் நடந்துபோகிற கூட்டமும் குறைந்தது.

எங்கள் வேலை தொடங்கியது அழகுபடுத்துவதில் அல்ல, சாக்கடையில். ஐப்பசி மழை நன்றாக அடித்த ஒரு வருடம் கிழக்குப் பக்கத்துக் கடைகளுக்குள் முழங்கால் தண்ணீர். அரிசிக்கடை அண்ணன் நனைந்த மூட்டைகளைத் தெருவில் இழுத்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். இந்தச் சீமை ஊர்களில் தெருவின் சரிவே மழைத் தண்ணீரை ஊருணிக்குக் கொண்டுபோகிற மாதிரிதான் அந்தக் காலத்தில் அமைத்திருக்கிறார்கள். எங்கள் தெருவிலும் இரண்டு ஓரத்திலும் வரத்துக்கால் உண்டு. ஆளாளுக்குப் படி கட்டி, அதன்மேல் சிமெண்டுப் பலகை போட்டு, பைக் நிறுத்த மேடை கட்டி, எங்கே வாய்க்கால் ஓடுகிறது என்றே தெரியாமல் போயிருந்தது.

பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் எங்கள் தெருவில் குடியிருக்கிறார். அவர்தான் மட்டப்பலகையும் ரசமட்டக் குழாயும் எடுத்துக்கொண்டு விடியற்காலையில் தேர்முட்டியிலிருந்து அளக்க ஆரம்பித்தார். கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருக்கிற பிள்ளைகள் டேப்பைப் பிடித்தார்கள். நான் நோட்டில் எழுதினேன். எந்தக் கடைக்கு முன்னால் எவ்வளவு ஆழத்தில் வாய்க்கால், எங்கே அடைப்பு, எங்கே சரிவு மாறுகிறது என்று ஒரு நீளத் தாளில் ஐயா வரைந்த படம்தான் எங்கள் முதல் ஆவணம். அதை வைத்துக்கொண்டு கடை கடையாகப் போய் உட்கார்ந்து பேசினோம். "ஒன் கடைப் படியை இடிக்கச் சொல்லலத்தா, தூக்கி எடுக்கிற மாதிரி கல்லுப் பலகையாப் போட்டுக்க" என்று அவர் எல்லாரிடமும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார். பேரூராட்சி ஆட்களும் இயந்திரமும் வந்து தூர் எடுத்தார்கள். கல் பலகைச் செலவில் பாதியைக் கடைக்காரர்களும் மீதியை வசூலித்த பணமும் ஏற்றன. அடுத்த மழைக்குத் தண்ணீர் ஊருணிக்குப் போனது. அதைப் பார்த்தபிறகுதான் மற்றவர்கள் எங்கள் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டார்கள். தன்னார்வலர்கள் ஒரு கடைத்தெருவுக்குள் நுழைந்தால் முதலில் கடைக்காரருக்கு வலிக்கிற இடத்தில் கைவைக்க வேண்டும். சுவரில் ஓவியம் வரைவது பிறகு.

அடுத்தது சுவர். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் பழைய கட்டடம் வைத்திருக்கிற எல்லா ஊர்க்காரர்களும் இதே இடத்தில்தான் பணத்தைத் தொலைக்கிறார்கள்.

எங்கள் பழைய கடைகள் சுட்ட செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். காரை பெயர்ந்ததும் மேலே சிமெண்டு பூசிவிடுவார்கள். ஒரு வருடம் பளிச்சென்று இருக்கும். தரையிலிருந்து ஏறுகிற ஈரம் சுண்ணாம்பு வழியாகச் சுவாசித்து வெளியேறும், சிமெண்டு வழியாக அப்படிப் போகாது. உள்ளேயே தேங்கி, உப்பைக் கூட்டிக்கொண்டு வந்து, செங்கல்லையே பொடியாக்கிவிடும். பாத்திரக்கடை பாயின் கடைத் திண்ணைத் தூண் பக்கத்துச் சுவரில் கொத்தனார் சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டிக் காட்டினார். ஒரு இடத்தில் கிண்ணென்று கேட்டது, ஒரு சாண் தள்ளித் தட்டினால் பொதபொதவென்று வந்தது. அந்த இடத்துச் சிமெண்டை உளியால் நெம்பியதும் முழுத் தகடாகக் கழன்று விழுந்தது. பின்னால் இருந்த செங்கல்லை விரலால் தடவினேன். ரவை மாதிரி உதிர்ந்தது, விரலில் வெள்ளையாக உப்பு.

அதே சுவரில் பலகைக் கதவுக் காடிக்குப் பின்னால், யாரும் கைவைக்காத ஒரு முழ அகலத்தில் பழைய பூச்சு அப்படியே இருந்தது. மேலே ஒட்டியிருந்த டிஸ்டம்பரைத் தண்ணீரில் நனைத்த கோணித்துணியால் கொத்தனார் மெதுவாகத் தேய்த்தார். அடியிலிருந்து தந்தம் போன்ற வெள்ளை வந்தது. கை வைத்தால் மத்தியான வெயிலிலும் குளிர்ச்சி. கடைக்குள் எரிந்த டியூப்லைட் அதில் ஒரு கோடாகத் தெரிந்தது. பாய் அதைப் பார்த்துவிட்டு, "இது எங்க அத்தா பொறந்ததுக்கு முன்னாடி பூசுனதா இருக்கும்மா" என்றார். எத்தனையோ வருடமாகத் தினமும் அந்தக் காடியில் பலகை சொருகியவர் அவர்.

அந்தப் பூச்சைச் செய்ய இன்னும் ஆள் இருக்கிறது, கொஞ்சம்தான். சுண்ணாம்பை நீற்றித் தொட்டியில் ஊறப்போட வேண்டும், எவ்வளவு நாள் ஊறுகிறதோ அவ்வளவுக்கு நல்லது. மணலோடு சேர்த்து அரைக்கும்போது கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரை விடுவார்கள். அடுக்கடுக்காகப் பூசி, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து, வழவழப்பான கல்லால் கை ஓயத் தேய்ப்பார்கள். கடைக்கு முழுக்க அப்படிச் செய்ய எங்களிடம் பணம் இல்லை. அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம்: திண்ணைச் சுவருக்கும் தூண் அடிக்கும் சாதாரணச் சுண்ணாம்புக் காரை போதும், தேய்த்த பூச்சு வேண்டாம், ஆனால் சிமெண்டு கூடவே கூடாது. வேலை நடக்கும்போது ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் கொத்தனாருக்குக் கையாளாக நிற்க வேண்டும், அவர்களுக்குக் கூலி உண்டு. இன்று அதில் ஒருவன் தனியாகவே சின்னச் சின்ன வேலை எடுத்துச் செய்கிறான். கானாடுகாத்தான் பக்கம் விடுதியாக மாறிய வீடுகளில் இந்த வேலைக்கு எப்போதும் ஆள் தேவைப்படுகிறது. கூலியும் எங்களைவிட நன்றாகக் கொடுக்கிறார்கள். அவன் அங்கே போய்விட்டால் எங்களுக்கு நஷ்டம்தான், ஆனாலும் போகட்டும் என்றுதான் நினைக்கிறேன்.

பிளெக்ஸ் போர்டு விஷயம் இதைவிடக் கஷ்டம். செல்போன் விற்கிற கம்பெனிகள் தங்கள் பெயரைப் பெரிதாகவும் கடைப் பெயரைச் சிறிதாகவும் போட்டு இலவசமாக போர்டு தருகின்றன. இலவசமாக வந்ததைக் கழற்று என்று யாரிடம் சொல்ல முடியும்? கைலி, ஜவுளிக்கடையில் பிளெக்ஸ் காற்றில் கிழிந்து தொங்கியபோது, அடியில் சுவரிலேயே எழுதிய பழைய பெயர் தெரிந்தது. நீலத்தில் நிழல் விட்ட மஞ்சள் எழுத்து, மூலையில் 'போன்: 47'. கடைக்காரத் தம்பி செல்போனில் படம் எடுத்துச் சிங்கப்பூரில் இருக்கிற சித்தப்பாவுக்கு அனுப்பினான். அன்று ராத்திரியே அங்கிருந்து பதில்: அதை அழிக்காதே. அதன்பிறகு நாங்கள் வற்புறுத்தவே வேண்டியிருக்கவில்லை. கட்சிச் சுவர் எழுதி ஓய்ந்திருந்த ஓவியர் ஒருவரைக் கூட்டிவந்தோம். கை கொஞ்சம் நடுங்குகிறது, ஆனால் நூல் அடித்து எழுத ஆரம்பித்தால் கோடு நேராக வருகிறது. எல்லாக் கடைக்கும் ஒரே நிறம், ஒரே எழுத்து என்று கட்டிடக்கலை படிக்கிற பிள்ளைகள் ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தார்கள். உழைத்துச் செய்திருந்தார்கள், ஆனாலும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. நாட்டு மருந்துக்கடையும் வளையல்கடையும் ஒரே மாதிரி இருந்தால் அது கடைத்தெரு அல்ல.

நடைபாதையைச் சுத்தம் செய்யும்போதே தள்ளுவண்டிகளையும் திண்ணையோரத்தில் உட்கார்ந்து விற்கிறவர்களையும் எடுத்துவிடலாம் என்று இரண்டு மூன்று கடைக்காரர்கள் சொன்னார்கள். இந்த ஒரு விஷயத்தில் கூட்டத்தில் குரல் உயர்ந்துவிட்டது. என் கடைத் திண்ணையோரம் கீரை விற்கிற ஆயா, நான் கடை திறக்குமுன் வந்து உட்கார்ந்து பத்து மணிக்கு எழுந்து போய்விடுவார். அவரிடம் கீரை வாங்க வருகிறவர்கள்தான் காலையில் தெருவுக்கு வருகிற முதல் கூட்டம். ஓவர்சியர் ஐயா 2014ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டத்தைப் பிரதி எடுத்துவந்து படித்துக் காட்டினார். கணக்கெடுப்பு முடியாமல் யாரையும் அப்புறப்படுத்த முடியாது, நகர விற்பனைக் குழுவில் பத்துக்குக் குறைந்தது நான்கு பேர் அந்த வியாபாரிகளாலேயே தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும். கடைசியில் வேப்ப மரத்தடியில் வண்டிகளுக்குக் கோடு போட்டுக் கொடுத்தோம். கீரை ஆயா அந்தப் பக்கம் போகவில்லை. "எனக்கு இங்கதான் எடம், ஒங்க தாத்தா குடுத்தது" என்றார். இப்போதும் என் திண்ணையோரம்தான்.

ஓவர்சியர் ஐயாவின் மகள் அமெரிக்காவில் இல்லினாயில் இருக்கிறாள். நாங்கள் செய்வதைக் கேள்விப்பட்டு, அங்கே இதே போன்று நடந்த ஒன்றைப் பற்றித் தேடிப் படித்து எழுதியனுப்பினாள். பெரிய அங்காடி வளாகங்கள் ஊருக்கு வெளியே வந்து பழைய கடைவீதிகள் காலியானபோது, 1977இல் வரலாற்றுச் சின்னங்களுக்கான அவர்களுடைய தேசிய அறக்கட்டளை மூன்று சிறிய ஊர்களில் ஒரு சோதனையைத் தொடங்கியது: இல்லினாயில் கேல்ஸ்பர்க், இண்டியானாவில் மாடிசன், தெற்கு டகோட்டாவில் ஹாட் ஸ்பிரிங்ஸ். அதிலிருந்து 1980இல் 'மெயின் ஸ்ட்ரீட்' என்ற திட்டம் நாடு முழுவதற்கும் வளர்ந்தது. நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் வேலை நடக்க வேண்டும் என்பது அவர்கள் முறை: ஆட்களை ஒன்றுசேர்ப்பது, தெருவைப் பற்றி ஊருக்குச் சொல்வது, கட்டடத்தின் தோற்றம், வியாபாரத்தின் பலம். படித்தபோது எனக்குப் பிடித்தது வேறொன்று. குழுக்களில் தன்னார்வலர்கள் இருந்தாலும் தெருவுக்கென்று சம்பளத்தில் ஒரு பொறுப்பாளரை வைத்துக்கொள்வதுதான் அவர்களுடைய வழக்கம். நாங்கள் அதைத்தான் செய்யாமல் இருந்தோம். எல்லாரும் சொந்தக் கடையைப் பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் மனு எழுதி, மிச்ச நேரத்தில் கொத்தனாரைத் துரத்திக்கொண்டிருந்தோம். ஆறு மாதம் ஒருவர் வராவிட்டால் அவர் பார்த்த வேலை அப்படியே நின்றது.

அப்படி ஒரு ஆளை வைத்தால் சம்பளத்துக்கு எங்கே போவது? வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரர் ஒருவர் பெரிய தொகை தருவதாகச் சொன்னார். தெரு முகப்பில் தன் தகப்பனார் பெயரில் வளைவு கட்ட வேண்டும், அதுதான் கேட்டார். அவர் மனதில் தகப்பனாருக்கு மரியாதை செய்கிற நினைப்புதான், வேறொன்றும் இல்லை. ஆனால் ஒருவர் பணத்தில் நிற்கிற தெரு, அவர் மனம் மாறினால் விழுந்துவிடும். நன்றி சொல்லி, விரும்பினால் வாய்க்காலுக்குத் தாருங்கள் என்று எழுதினோம். பாதித் தொகை அனுப்பினார். வளைவுப் பேச்சை எடுக்கவில்லை.

வழி எங்கள் பேரேட்டிலேயே இருந்தது. அப்பா உயிரோடு இருந்தபோது கணக்கில் முதல் பற்று எப்போதும் மகமையாகத்தான் இருக்கும். வியாபாரத்தில் இத்தனைக்கு இத்தனை என்று சாமிக்கும் பொதுக்காரியத்துக்கும் ஒதுக்கி வைப்பது. கடல் கடந்து போன நகரத்தார் கொடுக்கல்வாங்கல் நடத்திய கிட்டங்கிகளில் முருகன் கோவிலுக்கும் விடுதிக்கும் இப்படித்தான் பணம் சேர்ந்தது. தெற்கே பல வியாபாரச் சமூகங்கள் மகமையில் பள்ளிக்கூடமே கட்டியிருக்கின்றன. எங்கள் தெருவிலும் ஒரு காலத்தில் தேர் இழுக்கிற செலவு மகமையில்தான் நடந்தது. அதை மறுபடி எடுத்தோம். நூறு ரூபாய் வியாபாரத்துக்கு இருபத்தைந்து காசு. ஒரு நாளைக்கு ஐயாயிரம் ரூபாய்க்கு விற்கிற கடைக்குப் பன்னிரண்டரை ரூபாய், ஒரு டீக்காசு.

கணக்குச் சொல்ல எல்லாருக்கும் தயக்கம். எவ்வளவு விற்கிறது என்பதைப் பக்கத்துக் கடைக்காரருக்குத் தெரியவிட யாரும் விரும்பமாட்டார்கள். அதனால் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி உண்டியல் மட்டும் வைத்தோம். தினமும் கடை அடைக்கும்போது அவரவர் மனசாட்சிப்படி போட வேண்டும். மாதக் கடைசியில் மொத்தமாகக் கொட்டி எண்ணுவோம். எந்தப் பெட்டியில் எவ்வளவு இருந்தது என்று எழுதுவதில்லை. மொத்த வரவையும் ஒவ்வொரு செலவையும் என் கடைப் பேரேட்டில் எழுதி, அதன் நகலைத் தேர்முட்டிச் சுவரில் ஒட்டிவிடுவேன். ஆணி வாங்கிய நாற்பது ரூபாய்வரை அதில் இருக்கும். நாற்பது கடைகள் சேர்ந்ததும் எங்கள் தெருவுக்கென்று அரைநாள் வேலைக்கு ஒரு பெண்ணை அமர்த்த முடிந்தது. பி.காம். படித்த பிள்ளை, கட்டிக்கொடுத்த இடம் இதே ஊர். தெருவிளக்கு எரியவில்லை என்றால் மனு, ஓடு உடைந்தால் ஆள், பண்டிகைக்கு வரிசை என்று எல்லாம் இப்போது அவள் கையில். வந்த முதல் வாரத்திலேயே எந்தக் கடையில் என்ன கிடைக்கும், எப்போது திறந்திருக்கும் என்று ஒரு பட்டியல் எடுத்துவிட்டாள். இத்தனை வருடம் இதே தெருவில் இருக்கிற எனக்கே அதில் தெரியாத சங்கதிகள் இருந்தன. நாட்டு மருந்துக்கடைக்குப் பின்னால் இன்னும் பனையோலைக் கொட்டான் முடைகிற வீடு இருப்பது அதில் ஒன்று.

அந்தப் பட்டியலை வைத்துத்தான் அவள் படைப்பு யோசனையைச் சொன்னாள். எந்த நாட்டில் இருந்தாலும், முன்னோருக்குப் படைக்கிற குடும்பப் படைப்புக்குப் பங்காளிகள் இங்கே வந்து சேருவார்கள். அந்த இரண்டு நாளில் பூட்டிய வீடு திறந்து, நூறு பேர் சாப்பிடுவார்கள். சேலை, வேட்டி, துண்டிலிருந்து தேங்காய், வெல்லம், வெற்றிலைவரை எல்லாவற்றையும் மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ காரிலேயே கொண்டுவந்துவிடுகிறார்கள், இங்கே கிடைக்காது என்ற நினைப்பில். பூட்டிய வீடுகளைப் பார்த்துக்கொள்கிற ஆட்களிடம் அவள் பேசி, எந்த வீட்டுப் படைப்பு எந்த மாதம் என்று குறித்துவைத்தாள். ஒரு மாதத்துக்கு முன்பே அந்தக் குடும்பத்தாருக்குச் சாமான் பட்டியலும் விலையும் வாட்ஸப்பில் போகிறது. ஜவுளிக்கடையில் இப்போது அரக்கும் மஞ்சளும் கட்டம் போட்ட கண்டாங்கிச் சேலை எப்போதும் இருக்கிறது. முன்பு யாராவது கேட்டால்தான் தறிக்காரரிடம் ஆள் அனுப்புவார்கள். கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது பத்திரிகையில் படித்து மகிழ்ந்ததோடு சரி. தறிக்கு ஆர்டர் போனது இந்தப் பட்டியலுக்குப் பிறகுதான்.

எங்களுக்குள் இன்னும் தீராத ஒரு வழக்கு உண்டு. தெருவின் மேற்குக் கோடியில் பழைய சாமான் வியாபாரம் ஒன்று வர விரும்புகிறது. நல்ல வாடகை தருவார்கள், கார்கள் வரும். முனீஸ்வரன் கோவில் தெரு போல இங்கேயும் ஆகலாம் என்று சிலர் ஆசைப்படுகிறார்கள். குழம்பு ஊற்றிய மங்குச் சட்டியும் சாமி படமும் விற்பதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. வீட்டுக்காரர்களே மனமுவந்து கொடுப்பவை அவை. பர்மாத் தேக்குத் தூணும் செதுக்கிய நிலையும் கடைக்கு வர வேண்டுமானால் எங்கேயோ ஒரு வீடு இடிய வேண்டும். 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்களின் தொகுதி சேர்ந்தது. பட்டியலில் பெயர் வந்ததால் எந்த வீட்டுக்கும் காவல் வந்துவிடவில்லை. தூண் வாங்குகிறவருக்கு எங்கள் தெருவில் இடம் கொடுத்தால், அடுத்த வீட்டை இடிக்க நாங்களே விலை பேசுகிற மாதிரி. சின்னச் சாமானுக்குச் சரி, கட்டடச் சாமானுக்கு இடமில்லை என்று எழுத்தில் வாங்க வேண்டும் என்பது என் பக்கம். கூட்டத்தில் பாதிப் பேர் என் பக்கம் இருக்கிறார்கள். மீதிப் பாதியையும் பேசித்தான் கொண்டுவர வேண்டும்.

இப்போது முழுக் கவனமும் பூட்டிக் கிடக்கிற கடைகளில் இருக்கிறது. ஊருணிப் பக்கம் வரிசையாக ஆறு கடை, பலகை போட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. வாடகைக்குக் கேட்டு ஆள் இல்லாமல் இல்லை. ஒரே பாட்டனார் சொத்து, பதினோரு பங்காளிகள், கோலாலம்பூர், சிங்கப்பூர், சென்னை, கோயம்புத்தூர் என்று இருக்கிறார்கள். அவர்களுக்கு இருக்கிற பயமும் நியாயமானது. 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டக் காலத்தில் குடியேறியவரை எழுப்புவது லேசான காரியமில்லை, ஒரு தலைமுறையே கோர்ட்டுக்கு நடந்திருக்கிறது. 2017இல் போட்ட புதுச் சட்டம் 2019இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. இப்போது எழுத்தில் ஒப்பந்தம் போட்டே ஆக வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், காலம் முடிந்தால் காலி செய்ய வேண்டும். இதை விளக்கி ஒரு வக்கீல் தம்பி இரண்டு பக்கத்தில் எழுதிக்கொடுத்தார். தெரு வேலையைப் பார்க்கிற பெண் அதைப் பதினோரு பேருக்கும் அனுப்பி, ஒவ்வொருவரிடமும் போனில் பேசினாள். பத்துப் பேர் சம்மதம் சொல்லிவிட்டார்கள். ஒருவர் மட்டும், "நேர்ல வந்து பாத்துட்டுச் சொல்றேன் ஆத்தா" என்றிருக்கிறார்.

அவர் தை மாதம் படைப்புக்கு வருகிறார். ஒரு கடையில் மாவு மில் போட எண்ணெய்க்கடை அண்ணன் மகன் காத்திருக்கிறான். இன்னொன்றில் சீப்புச் சீடை, மனகோலம் மாதிரிப் பலகாரம் போடுகிற பெண்கள் குழு உட்காரப் போகிறது, இப்போது அவர்கள் வீட்டுக் கொல்லையில் போட்டு விற்கிறார்கள். கையெழுத்தானால் உடனே ஓட்டைப் பிரித்து மேய்ந்தாக வேண்டும், இரண்டு கடையில் கை மரம் இற்றுப்போயிருக்கிறது. ஓடு மேய்கிறவர் மாசிக்குள் சொல்லச் சொல்லியிருக்கிறார், பங்குனியில் அவருக்குத் தேவகோட்டையில் வேலை. கை மரத்துக்கும் ஓட்டுக்கும் ஆகும் தொகையை மகமைக் கணக்கில் தனிப் பக்கம் போட்டு ஒதுக்கிவிட்டேன்.